நெக்கைக் கழற்றினால்தான் எட்டும் ட்ரஸ் ராட்: பழைய ஃபெண்டர் கிடார் வைத்திருப்பவர்களுக்கு

பழைய பாணி ஃபெண்டர் கிடார், டெலிகாஸ்டரோ ஸ்ட்ராட்டோகாஸ்டரோ, முதன்முதலாகக் கைக்கு வந்தவர்கள் கொஞ்ச நாளில் அதன் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். கிடாரின் கழுத்தான நெக்குக்குள் ஓடி அதன் வளைவைச் சரிசெய்யும் இரும்புக் கம்பிதான் ட்ரஸ் ராட். அதைத் திருப்ப ஒரு துளை இருக்க வேண்டுமே, எங்கே? கிப்ஸன் கிடார் என்றால் ஹெட்ஸ்டாக்கில் மணி வடிவ மூடி ஒன்று இருக்கும். அதைக் கழற்றினால் நட் தெரியும். பழைய ஃபெண்டரில் அப்படி எதுவும் கிடையாது. ராடின் நட் நெக்கின் அடிமுனையில், உடலுக்குள் நெக் உட்காரும் குழியில், உடலைக் கீறாமல் காக்கும் தகடான பிக்கார்டுக்கு ஒட்டினாற்போல் ஒளிந்திருக்கிறது. நெக்கைக் கழற்றினால்தான் அதை ஒழுங்காகத் தொட முடியும்.

பயப்பட வேண்டாம். நான்கு ஸ்க்ரூக்களைக் கழற்றி மாட்டத் தெரிந்த எவரும் இதைச் செய்யலாம். ஆனால் அவசரப்படுகிறவர்களுக்கு ஒத்துவராத வேலை. நட்டைத் திருப்பும்போது அதன் பலனைக் கண்ணால் பார்க்க முடியாது. திருப்பி, மாட்டி, சுருதி சேர்த்து, அளந்து பார்த்தால்தான் போதுமா போதாதா என்று தெரியும். அதனால் கழற்றுவதற்கு முன் சரியாக அளப்பதும், அளந்ததை எழுதி வைப்பதும்தான் இதில் பாதி வேலை.

உங்களுடையது எந்த வகை?

1950-ல் வந்த, டெலிகாஸ்டரின் முன்னோடியான முதல் எஸ்குயர் கிடார்களில் ட்ரஸ் ராடே கிடையாது. மேப்பிள் மரம் உறுதியானது, அதுவே தாங்கும் என்று நிறுவனர் லியோ ஃபெண்டர் நம்பினார். நெக் வளையத் தொடங்கியதும் அதே ஆண்டிலேயே ராட் சேர்க்கப்பட்டது. அன்று முதல் அதன் நட் அடிமுனையில்தான். 1971 இறுதியில்தான் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் அது ஹெட்ஸ்டாக் பக்கம் இடம் மாறியது. துப்பாக்கித் தோட்டா போல நீட்டிக்கொண்டிருப்பதால் அதற்கு 'புல்லட்' என்று பெயர். அந்தக் கிடார்களில் நெக்கை மூன்று ஸ்க்ரூக்கள் பிடித்திருக்கும். சாதாரண டெலிகாஸ்டர் அப்போதும் நான்கு ஸ்க்ரூவோடும் அடிமுனை நட்டோடும் தொடர்ந்தது.

அசல் 1950களின் கிடார் நம்மில் எத்தனை பேர் கையில் இருக்கப்போகிறது என்று கேட்கலாம். ஆனால் 1982-ல் ஃபெண்டர் தன் பழைய மாடல்களை மறுபடி செய்யத் தொடங்கியபோது, அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இதே அமைப்பைத்தான் வைத்தது. 52 டெலி, 57 ஸ்ட்ராட், 62 ஸ்ட்ராட் என்று ஆண்டின் பெயரோடு வந்த மறுபதிப்புகள் பலவற்றில் இதைப் பார்க்கலாம். எனவே ஹெட்ஸ்டாக்கில் துளையோ மூடியோ தெரியவில்லை என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கானது.

ஒரு சொல் குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடுகிறேன். ஹெட்ஸ்டாக்குக்குக் கீழே ஸ்ட்ரிங்குகள் உட்காரும் எலும்புத் துண்டுக்கும் 'நட்' என்றுதான் பெயர். இந்தக் கட்டுரையில் நான் 'ராட் நட்' என்று சொல்வது அதையல்ல. ராடின் முனையில் மரையில் ஏறி இறங்கும் உலோக நட்டை.

ராட் செய்யும் வேலை

ஆறு ஸ்ட்ரிங்கும் சேர்ந்து நெக்கை முன்பக்கமாக வில் போல இழுக்கின்றன. நெக்குக்குள் லேசாக வளைந்த பள்ளத்தில் ஓடும் இரும்பு ராட் அதற்கு எதிராக இழுக்கிறது. ராட் நட்டை இறுக்கினால் நெக் நிமிரும். தளர்த்தினால் ஸ்ட்ரிங்குகளின் இழுப்புக்கு வளைந்து கொடுக்கும். பழைய ஃபெண்டர் ராட் ஒரு பக்கம் மட்டுமே வேலை செய்யும், நெக்கை முன்னோக்கித் தள்ள அதனால் முடியாது. இது முக்கியம், பின்னால் மறுபடி வரும்.

நெக் முழுக்க நேராக இருக்கக் கூடாது. அதிரும் ஸ்ட்ரிங் நடுப்பகுதியில்தான் அகலமாக ஆடும், அதற்கு இடம்விட நெக்கின் நடுவில் ஒரு சின்னக் குழிவு வேண்டும். அதற்குப் பெயர் ரிலீஃப். ட்ரஸ் ராடால் மாற்றக்கூடியது இந்தக் குழிவை மட்டும்தான். ஸ்ட்ரிங் உயரமாக இருக்கிறது, விரல் வலிக்கிறது என்பதற்காக ராடை இறுக்குகிறவர்கள் நிறைய. அது தவறு. உயரத்தை மாற்ற, உடலில் ஸ்ட்ரிங்குகள் வந்து முடியும் ப்ரிட்ஜில், அவற்றைத் தாங்கும் சிறு துண்டுகளான சாடில்கள் இருக்கின்றன. முதலில் ரிலீஃப், அப்புறம் சாடில். வரிசையை மாற்றினால் இரண்டையும் திரும்பச் செய்ய வேண்டிவரும்.

அளப்பது

நீங்கள் வழக்கமாக வாசிக்கும் அதே ஸ்ட்ரிங் செட்டை மாட்டி, வழக்கமான சுருதிக்கு ட்யூன் செய்யுங்கள். முதல் ஃப்ரெட்டில் (விரல்பலகையின் குறுக்கே பதித்த முதல் உலோகக் கம்பியில்), ஸ்ட்ரிங்குகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்பான கேபோவை மாட்டுங்கள். வலது கையால் ஆறாவது ஸ்ட்ரிங்கை, அதாவது மிகத் தடித்ததை, கடைசி ஃப்ரெட்டில் அழுத்துங்கள். இப்போது அந்த ஸ்ட்ரிங்கே உங்களுக்கு அடிஸ்கேல் ஆகிவிட்டது. எட்டாவது ஃப்ரெட்டின் உச்சிக்கும் ஸ்ட்ரிங்கின் அடிப்பக்கத்துக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் ரிலீஃப்.

பழைய ஃபெண்டரின் விரல்பலகை நன்றாக வளைந்தது, அதன் ரேடியஸ் 7.25 அங்குலம். அதற்கு ஃபெண்டர் சொல்லும் ரிலீஃப் 0.012 அங்குலம், அதாவது சுமார் 0.3 மி.மீ. மென்மையாக வாசிப்பவர் 0.2 வரை குறைக்கலாம்; ஓங்கி அடிப்பவருக்கு 0.3 தேவைப்படும்.

இதை அளக்கச் சிறப்புக் கருவி தேவையில்லை. மெக்கானிக்குகள் டேப்பெட் வைக்கப் பயன்படுத்தும் ஃபீலர் கேஜ் மோட்டார் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் கிடைக்கும். அதுவும் இல்லையென்றால் 10 கேஜ் செட்டில் வரும் முதல் ஸ்ட்ரிங்கை எடுங்கள். 10 என்பது 0.010 அங்குலம், கிட்டத்தட்ட 0.25 மி.மீ. அதில் ஒரு துண்டை இடைவெளியில் நுழைத்துப் பாருங்கள். ஆறாவது ஸ்ட்ரிங்கைத் தூக்காமல், லேசாக உரசிக்கொண்டு போனால் ரிலீஃப் நன்றாகவே இருக்கிறது. அப்படியென்றால் நெக்கைக் கழற்ற வேண்டியதே இல்லை.

காதும் உதவும். முதல் நான்கைந்து ஃப்ரெட்டுகளில் மட்டும் ஸ்ட்ரிங் இரைந்தால் நெக் மிகவும் நேராகவோ பின்பக்கம் வளைந்தோ இருக்கலாம். ராட் நட்டைத் தளர்த்த வேண்டும். நடுப்பகுதியில் ஸ்ட்ரிங் தூக்கலாக நின்று, அழுத்தும்போது சுருதி ஏறினால் குழிவு அதிகம், இறுக்க வேண்டும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேலே மட்டும் இரைச்சல் என்றால் உடனே ராடைப் பழி சொல்லாதீர்கள். சாடில் தாழ்ந்திருக்கலாம், ஃப்ரெட் தேய்ந்திருக்கலாம்.

தேதி, ஸ்ட்ரிங் கேஜ், அளந்த ரிலீஃப் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். எந்தப் பக்கம், எவ்வளவு திருப்பப் போகிறீர்கள் என்பதையும் இப்போதே எழுதிவிடுங்கள். முதல் முறைக்கு என் பரிந்துரை அரைக்கால் சுற்று. கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் போகவே வேண்டாம்.

கருவிகள்

நெக் ஸ்க்ரூக்களுக்கு 2-ஆம் நம்பர் ஸ்டார் ஸ்க்ரூட்ரைவர், நல்ல தடித்த பிடியுள்ளதாக. ராட் நட்டுக்கு அகலமான தட்டை ஸ்க்ரூட்ரைவர். பழைய ராட் நட்டின் முகத்தில் கூட்டல் குறி போல இரண்டு வெட்டுகள் இருக்கும். பார்த்தவுடன் கை ஸ்டார் ஸ்க்ரூட்ரைவரைத்தான் தேடும். எடுக்காதீர்கள். அதன் கூர்முனை வெட்டின் நடுவில் மட்டும் பிடித்து, விளிம்புகளைத் தின்றுவிடும். ஜப்பானில் செய்த ஒரு டெலியில் நான் இந்தத் தவறைச் செய்தேன். நட் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது, நானும் அழுத்தித் திருப்பினேன், வெட்டின் ஒரு மூலை மழுங்கிவிட்டது. அந்தத் தழும்பு இன்னும் அப்படியே இருக்கிறது. வெட்டின் முழு அகலத்துக்கும் ஆழத்துக்கும் படியும் தட்டை முனைதான் சரி. உள்ளே வைத்து ஆட்டிப் பார்த்தால் ஆடக் கூடாது.

இவற்றோடு கேபோ, தடித்த துண்டு, நெக்கைத் தாங்க ஒரு தலையணை, பழைய டூத் பிரஷ், ஒரு அட்டைத் துண்டு. மின்சார ஸ்க்ரூட்ரைவர் வேண்டவே வேண்டாம். உண்மையிலேயே பழைய கிடார் என்றால் மாஸ்கிங் டேப்பும் ஒட்டாதீர்கள். 1960களின் பிற்பகுதி வரை ஃபெண்டர் பூசியது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். அது வயதாகி நொய்ந்திருக்கும், டேப்போடு உரிந்து வரலாம்.

கழற்றுவது

ஸ்ட்ரிங்குகளை ஒவ்வொன்றாக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். தொய்ந்து தொங்கும் அளவு வந்ததும் முதல் ஃப்ரெட்டில் கேபோவை மாட்டிவிட்டால், அவை ட்யூனர்களிலிருந்து சுருண்டு வெளியே வராது. புது செட் செலவு மிச்சம். ஸ்ட்ராட்டில், ப்ரிட்ஜை அசைக்க உதவும் ட்ரெமோலோவின் ஸ்ப்ரிங்குகள் ப்ரிட்ஜை உடலோடு இழுத்து உட்கார வைக்கும். திரும்ப ட்யூன் செய்ததும் பழைய நிலைக்கு வரும்.

துண்டின் மேல் கிடாரைக் குப்புற வையுங்கள், நெக்கின் அடியில் தலையணை. நான்கு ஸ்க்ரூக்களையும் குறுக்கு வரிசையில் முதலில் அரைச் சுற்று, அப்புறம் முழுவதுமாகக் கழற்றுங்கள். ஸ்க்ரூட்ரைவரை நேர் செங்குத்தாகப் பிடித்து, உடல் எடையைக் கொஞ்சம் சாய்த்துத் திருப்பினால் தலை மழுங்காது. அட்டையில், ஸ்க்ரூக்கள் ஏறும் உலோகத் தகடான நெக் ப்ளேட்டின் படம் வரைந்து, எந்த ஸ்க்ரூ எந்தத் துளையிலிருந்து வந்ததோ அதே இடத்தில் குத்தி வையுங்கள். பல பத்தாண்டுகளாக ஒரே துளையில் இருந்த ஸ்க்ரூ அதே துளையில்தான் நன்றாகப் பிடிக்கும். ப்ளேட்டில் சீரியல் நம்பர் பொறித்திருக்கலாம். அதில் கீறல் படாமல் தனியாக வையுங்கள்.

நெக் சில சமயம் தானே வந்துவிடும். சில சமயம் பெயின்ட் பிடித்துக்கொண்டிருக்கும். பக்கவாட்டில் ஆட்டாதீர்கள், குழியின் மூலைகளில் லாக்கர் தெறிக்கும். ஸ்க்ரூட்ரைவரை நுழைத்து நெம்பவும் வேண்டாம். உடலை ஒரு கையால் அழுத்திப் பிடித்து, நெக்கை நேராக மேல்நோக்கி, பொறுமையாகத் தூக்குங்கள்.

வெளியே வந்ததும் எதையும் துடைக்காமல் முதலில் ஒரு போட்டோ எடுங்கள். நெக்கின் அடிமுனையில் பென்சிலில் எழுதிய தேதி இருக்கலாம். 1960களின் நெக்குகளில் முத்திரையாகக் குத்தியிருப்பார்கள். பழைய ஃபெண்டரின் வயதுக்கு அதுதான் பெரிய சாட்சி. ஈரத்துணியால் ஒரு தேய்ப்பு தேய்த்தால் போயிற்று. எனக்கு இந்தக் கணம் எப்போதும் பிடிக்கும். அந்த நெக் முடிந்த நாளில் யாரோ ஒருவர் கையால் எழுதியது, இத்தனை வருடம் மரத்தோடு மரம் ஒட்டி வெளிச்சம் படாமலே இருந்திருக்கும். குழிக்குள் மெல்லிய அட்டையோ ஃபைபர் துண்டோ இருந்தால் அது குப்பை இல்லை. நெக்கின் சாய்வைச் சரிசெய்ய வைத்த ஷிம். எந்தப் பக்கம், எந்த நிலையில் இருந்ததோ அப்படியே திரும்ப வைக்க வேண்டும்.

திருப்புவது

பிரஷ்ஷால் ராட் நட்டின் வெட்டுகளில் உள்ள தூசியைத் தட்டுங்கள். அதில் பெயின்டோ மெழுகோ அடைத்திருந்தால் பல்குத்தும் குச்சியால் எடுங்கள். வெட்டு சுத்தமாக இல்லாவிட்டால் முனை ஆழமாக உட்காராது, வழுக்கும்.

நெக்கைத் தலையணையில் வைத்து, அடிமுனை உங்களைப் பார்த்திருக்கட்டும். நட்டை நேராகப் பார்க்கும்போது கடிகாரச் சுற்றில் திருப்பினால் இறுகும், எதிர்ச்சுற்றில் தளரும். நீங்கள் இறுக்க வேண்டியிருந்தாலும் முதலில் கால் சுற்று தளர்த்துங்கள். நட் சுதந்திரமாக ஓடுகிறதா, மரையில் துரு பிடித்து ஒட்டியிருக்கிறதா என்பது இதில் தெரிந்துவிடும். பிறகு பழைய இடத்துக்கே கொண்டுவந்து, அங்கிருந்து கணக்கிட்ட அளவு திருப்புங்கள்.

அரைக்கால் சுற்றை எப்படி அளப்பது? நட்டின் முகத்தில் கூட்டல் குறி இருக்கிறதல்லவா, அது பெருக்கல் குறியாக மாறினால் சரியாக அரைக்கால் சுற்று. பெருக்கல் மறுபடி கூட்டலானால் கால் சுற்று. திருப்புவதற்கு முன்னும் பின்னும் போட்டோ எடுத்துக்கொண்டால் சந்தேகமே வராது.

ஸ்ட்ரிங்குகளின் இழுப்பு இல்லாததால் நட் எதிர்பார்ப்பதை விட எளிதாகத் திரும்பும். நெக்கைக் கழற்றிச் செய்வதில் உள்ள நன்மை இது: மரையின் மேல் பளு குறைவு. அதே காரணத்தால் எளிதாகத் திரும்புகிறதே என்று அதிகம் திருப்பிவிடும் ஆபத்தும் உண்டு. நோட்டில் எழுதிய அளவோடு நிறுத்துங்கள்.

தளர்த்தும்போது தடையே இல்லாமல் முழுவதும் கழன்று வந்தால், மரையில் ஒரு துளி வாசலின் தடவி மாட்டலாம். மரத்தில் எண்ணெய் படக் கூடாது. ஸ்ப்ரேயை நேராக அடிக்கவே கூடாது, மேப்பிளில் கறை ஏறும்.

திரும்ப மாட்டுவது

ஷிம்மை வைத்து, நெக்கைக் குழியில் உட்கார வைத்து, ப்ளேட்டை வைத்து ஸ்க்ரூவை இறக்குங்கள். இங்கேதான் பலர் மரத்தைக் கெடுக்கிறார்கள். ஸ்க்ரூவைத் துளையில் வைத்ததும் முதலில் எதிர்ச்சுற்றில் மெதுவாகத் திருப்புங்கள். ஓர் இடத்தில் 'டிக்' என்று சின்னதாக உள்ளே விழும். பழைய மரையின் வாய் அது. அங்கிருந்து கடிகாரச் சுற்றில் திருப்பினால் ஸ்க்ரூ தன் பழைய தடத்திலேயே வழுக்கிக்கொண்டு போகும். இப்படிச் செய்யாவிட்டால் ஒவ்வொரு முறையும் மரத்தில் புதுத் தடம் வெட்டும். பத்துத் தடவை கழற்றி மாட்டினால் துளையில் பிடிப்பே இருக்காது.

நான்கையும் கையிறுக்கமாக இறக்கிவிட்டு, நிமிர்த்தி வைத்து, முதல் ஸ்ட்ரிங்கும் ஆறாவது ஸ்ட்ரிங்கும் விரல்பலகையின் ஓரங்களிலிருந்து ஒரே தூரத்தில் ஓடுகின்றனவா என்று பாருங்கள். ஒரு பக்கம் விளிம்பை ஒட்டி ஓடினால் நெக்கை லேசாக நகர்த்துங்கள். பிறகு குறுக்கு வரிசையில் இறுக்குங்கள். உறுதியாக நின்றால் போதும். மரம் நசுங்கும் அளவு முறுக்க வேண்டாம்.

கேபோவைக் கழற்றி, ட்யூன் செய்து, அதே முறையில், அதே எட்டாவது ஃப்ரெட்டில் அளந்து நோட்டில் எழுதுங்கள். சரியாக வந்தால் நல்லது. ஆனால் அன்றே முடிவு கட்டாதீர்கள். நெக் முழுதாக அமர ஓர் இரவாவது ஆகும். மறுநாள் அதே சுருதியில் அளந்து பார்த்துவிட்டு, தேவையானால் மறுபடி கழற்றுங்கள். இரண்டு மூன்று தடவை கழற்ற வேண்டியிருப்பது சாதாரணம். இரண்டாவது முறை உங்களிடம் ஒரு கணக்கு இருக்கும்: அரைக்கால் சுற்றுக்கு உங்கள் நெக் இவ்வளவு நகர்ந்தது. ஒவ்வொரு நெக்கும் ஒவ்வொரு மாதிரி நகரும், அதனால் அந்தக் கணக்கு மற்றவர் கிடாருக்குப் பொருந்தாது, உங்களுடையதற்கு மட்டும் பொருந்தும்.

ரிலீஃப் அமைந்த பிறகு சாடிலுக்கு வாருங்கள். 7.25 ரேடியஸுக்கு ஃபெண்டர் சொல்லும் உயரம், 17-ஆவது ஃப்ரெட்டில் அளந்தால், தடித்த ஸ்ட்ரிங்குக்கு 2 மி.மீ., மெல்லியதற்கு 1.6 மி.மீ. இதை விடத் தாழ்த்தினால், மேல் ஃப்ரெட்டுகளில் பெண்ட் செய்யும்போது (ஸ்ட்ரிங்கைப் பக்கவாட்டில் தள்ளும்போது) ஸ்வரம் பாதியில் செத்துப்போகும். அந்த வளைவான விரல்பலகையின் இயல்பு அது. ராடைத் திருப்பித் தீர்க்க முடியாது.

குறுக்கு வழிகள் பற்றி

கழற்றாமல் செய்ய வழியில்லையா என்று கட்டாயம் கேட்பீர்கள். இருக்கிறது. ஸ்ட்ரிங்குகளைத் தளர்த்தி, ப்ரிட்ஜ் பக்கமுள்ள இரண்டு ஸ்க்ரூக்களை எடுத்துவிட்டு, மற்ற இரண்டைச் சில சுற்று தளர்த்தி, நெக்கின் அடிமுனையை நட் தெரியும் அளவுக்கு மேலே தூக்குவார்கள். பிக்கார்டு கீறாமல் இருக்க நடுவில் அட்டை வைத்துவிட்டு நட்டைத் திருப்புவார்கள். பழகியவர்களுக்கு வேகமான முறை. ஆனால் நெக்கின் பாரம் முழுக்க இரண்டு ஸ்க்ரூவின் மேல் சாய்வாக விழுகிறது, துளைகள் அகலும். மறுபதிப்பு கிடாரில் பழகிய பிறகு செய்துகொள்ளுங்கள். அசல் பழையதில் நான் செய்ய மாட்டேன். பக்கவாட்டிலிருந்து நட்டைத் திருப்பும் குட்டையான சிறப்புக் கருவிகளும் விற்கின்றன. இடம் இருந்தால் அவை வேலை செய்யும். இடம் உண்டாக்குவதற்காகப் பிக்கார்டையோ உடலையோ வெட்டுவது மட்டும் வேண்டாம். ஒரு தடவை வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது.

எப்போது நிறுத்த வேண்டும்

மிதமான அழுத்தத்தில் நட் அசையவில்லை என்றால் நிறுத்துங்கள். இறுக்க இறுக்கத் தடையே இல்லாமல் சுற்றினாலும் நிறுத்துங்கள். மரை போயிருக்கலாம், ராடே உடைந்திருக்கலாம். உள்ளே உடைந்த ராடை மாற்ற நெக்கைப் பிரிக்க வேண்டியிருக்கும். அது பெரிய வேலை, பழைய கிடாரின் மதிப்பையும் குறைக்கும். மேப்பிள் நெக்குகளில் ஹெட்ஸ்டாக் பக்கம், மேல் நட்டுக்கு அருகே கருமையான வால்நட் மர அடைப்பு ஒன்று தெரியும். ராட் அந்த முனையில்தான் பதிந்திருக்கிறது. அந்த அடைப்பைச் சுற்றி விரிசலோ வீக்கமோ கண்டால் மேலும் இறுக்காதீர்கள்.

நட் கடைசி வரை இறுகிவிட்டது, குழிவு இன்னும் போகவில்லை என்பது இன்னொரு நிலை. கைதேர்ந்தவர்கள் அந்த நெக்கை க்ளாம்பில் வைத்து மெதுவாகப் பின்னோக்கி வளைத்து, நட்டின் அடியில் வாஷர் சேர்த்து இறுக்குவார்கள். முதன்முறை செய்பவர் தனியாக முயல வேண்டியதில்லை, தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

நட் முழுக்கத் தளர்ந்தும் நெக் பின்வளைந்தே இருந்தால், ராடால் இனி எதுவும் செய்ய முடியாது. முன்பு சொன்னது நினைவிருக்கிறதா, இது முன்னோக்கித் தள்ளாத ராட். 1950களில் இந்த நெக்குகள் இன்றைய 9 கேஜ் செட்டை விட மிகத் தடித்த ஸ்ட்ரிங்குகளோடு வாழ்ந்தவை. 9-லிருந்து 10-க்கோ 11-க்கோ போய்ப் பாருங்கள். கூடுதல் இழுப்பிலேயே சில நெக்குகளில் குழிவு திரும்பிவிடுகிறது. மாட்டி இரண்டு மூன்று நாள் ட்யூனில் வைத்துவிட்டு அளவெடுங்கள்.

நம் ஊர் ஈரப்பதத்துக்கும் மரம் அசையும். சென்னையில் ஐப்பசி மழையில் அளந்ததும் பங்குனியில் ஏசி அறையில் அளந்ததும் என் நோட்டில் ஒரே எண்ணாக இருந்ததில்லை. அந்தச் சின்ன வித்தியாசத்துக்கெல்லாம் நான் நெக்கைக் கழற்றுவதில்லை. வாசிக்கும்போது கைக்குத் தெரிந்தால் மட்டும் அட்டையும் தலையணையும் வெளியே வரும்.